படத்தின் பின்பக்கம்: பெஹாலாவின் குடும்பப் புகைப்படங்களும் சிறுசெலவில் ஓர் ஆவணக்காப்பும்

2003ஆம் ஆண்டு மே 16 அன்று கல்கத்தா உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கல்கத்தாவுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இல்லை. ஜோப் சார்னாக்கை அதன் நிறுவனர் என்று சொல்வதும் பொருந்தாது. 1690 ஆகஸ்ட் 24 என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டுவந்த நாள் அத்துடன் தன் தகுதியை இழந்தது. வழக்குத் தொடுத்தது, கொல்கத்தாவின் தென்மேற்கே பெஹாலாவில், பரிஷா பகுதியில் வேரூன்றிய சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் அமைப்பு. 1698 நவம்பர் 10 அன்று சூதாநூட்டி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் உரிமை 1300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது அக்குடும்பத்திடமிருந்துதான். அந்தப் பாரசீக மொழிப் பத்திரம் இன்று லண்டனில் இருக்கிறது.

வாங்கியவன் பத்திரத்தைப் பாதுகாத்தான்; அவனிடம் அரசும் ஆவணக்காப்பகமும் இருந்தன. கொடுத்தவர்கள் தங்கள் தரப்பு நினைவைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பரிஷாவில் அக்குடும்பத்தார் நடத்திவரும் ‘சாபர்ண சங்கிரஹசாலா’ என்னும் சிறு அருங்காட்சியகம் அந்த முயற்சியின் தொடர்ச்சி. குடும்ப ஆவணங்களும் பழம்பொருட்களும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. அரச அமைப்பு ஒன்றின் ஆதரவில்லாமல் ஒரு குடும்பம் தன் கையிலிருந்ததைத் திரட்டி வைத்ததற்குப் பெஹாலாவில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆனால் இது ஜமீன்தார்க் குடும்பத்தின் கதை. பெஹாலாவின் பெரும்பான்மையோரிடம் பட்டயமும் இல்லை, பாரசீகப் பத்திரமும் இல்லை. 1984இல் கல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை பெஹாலா தெற்குப் புறநகர் நகராட்சிக்கு உட்பட்ட பகுதி. அலுவலகக் குமாஸ்தாக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து தெற்குப் புறநகரெங்கும் குடியேறியவர்கள் என அங்கே வாழ்ந்தோரின் வரலாற்றுக்கு எழுத்து ஆவணம் மிகக் குறைவு. அவர்கள் வீட்டு இரும்பு அலமாரியின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே, ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும் புகைப்படங்களே அவர்களுடைய பட்டயம். 1952 அக்டோபரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பாஸ்போர்ட் முறை நடைமுறைக்கு வந்தபோது எல்லை கடப்பதற்கென எடுத்த சிறு முகப்படமே பலருக்கு வாழ்நாளின் முதல் படமாக இருந்திருக்கக்கூடும். அதே பெஹாலாவில் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கிறது. கற்சிற்பத்துக்கு அங்கே பீடம் உண்டு. பிஸ்கட் டப்பாவுக்கு எங்கும் இல்லை.

கல்கத்தாவில் புகைப்படக் கலை மிக இளமையிலேயே வந்து சேர்ந்தது. பாரிஸில் டாகுவேர் முறை அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, 1840 தொடக்கத்தில், தாக்கர் நிறுவனம் அதற்கான கருவிகளை இந்நகரில் விளம்பரப்படுத்தியது. 1856இல் வங்கப் புகைப்படக் கழகம் தோன்றியது. (நீலத்தோட்ட வெள்ளையருக்கு எதிராகப் பேசினார் என்பதற்காக, அதன் பொறுப்பாளர்களில் ஒருவரான அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா அடுத்த ஆண்டே வெளியேற்றப்பட்டார். படமெடுப்பவர்களின் சங்கமும் அரசியலுக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை.) பின்னர் வந்த போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. 1991இல் அங்கு நேர்ந்த தீவிபத்தில் அதன் பழைய நெகட்டிவ்களின் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் கடையே மூடப்பட்டது.

குடும்பப் படங்களின் மதிப்பு இங்கேதான் புலப்படுகிறது. புகைப்படம் பிறக்கும்போதே பல பிரதிகளாகச் சிதறும் பொருள். நெகட்டிவ் கடையில் தங்கும்; அச்சுப்படம் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்; இன்னொரு பிரதி மணமாகிப் போன மகளுடன் வேறு ஊருக்குப் போகும். மூலச் சேமிப்பு எரிந்துபோனால், எஞ்சுவது வீடுகளில் சிதறிக்கிடக்கும் அச்சுப் பிரதிகள் மட்டுமே.

இதை முதலில் உணர்ந்து தேடிப்போனவர்களில் ஒருவர் சித்தார்த்த கோஷ். இது புனைபெயர், இயற்பெயர் அமிதாப கோஷ். தொழிலால் பொறியாளர், அறிவியல் புனைகதையாளர். 1988இல் வெளிவந்த அவருடைய ‘சோபி தோலா’ (படமெடுத்தல்) வங்காளியரின் புகைப்படப் பயிற்சியை வரலாறாக எழுதிய முன்னோடி நூல். கல்கத்தாச் சமூக அறிவியல் ஆய்வு மையம் 1990களில் தொடங்கிய காட்சி ஆவணத் தொகுப்பும் இதே வழியில் சென்றது. பெருமளவும் தனியார் வீடுகளிலிருந்து படங்களை இரவல் பெற்று, பிரதியெடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுப்பது அதன் முறை. மாளவிகா கார்லேக்கர் 2005இல் வெளியிட்ட வங்கத்தின் தொடக்ககாலப் புகைப்படங்கள் பற்றிய நூலில் குடும்ப ஆல்பங்கள், பெண்களின் வாழ்க்கையை வாசிப்பதற்கான முதன்மைச் சான்றாகவே பயன்பட்டன. பொருளை உடைமையாக்கிக்கொள்ளாமல் பிரதியையும் விவரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் இம்முறை குறைந்த செலவில் நடக்கக்கூடியது, குடும்பங்களுக்கும் பொருந்துவது.

இத்தகைய தொகுப்புகளில் பணிபுரிவோர் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. படம் இருக்கும்; பெயர் இருக்காது.

வங்காளியருக்கு இரண்டு பெயர்கள். பள்ளிச் சான்றிதழில் இருப்பது ‘பாலோ நாம்’. வீட்டில் அழைப்பது ‘டாக் நாம்’. ஆல்பத்தில் எழுதுபவர் வீட்டுப் பெயரையே எழுதுவார். கோகோன், கோகா, புரி, டுக்டுகி என்று ஒரே தெருவில் பத்துப்பேர் இருப்பார்கள். பெயரும் இல்லாவிட்டால் உறவுமுறை இருக்கும்: ‘மேஜோ பிஷி, தீகா’. தீகா கடற்கரையில் நடு அத்தை. எழுதியவருக்கு அது முழுமையான தகவல். ஆனால் உறவுமுறைச் சொல் எழுதியவரை மையமாகக் கொண்டு மட்டுமே பொருள்படும். அவர் மறைந்ததும், அல்லது ஆல்பம் வேறு கிளைக்குக் கைமாறியதும், அத்தை யாருக்கு அத்தை என்று தெரியாமல் போகிறது. தமிழகத்தின் ‘சின்ன அத்தை, பழனி’ என்ற குறிப்புக்கும் இதே கதிதான்.

பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. திருமணத்துக்குப் பின் வங்காளத்தில் குலப்பெயர் மாறுகிறது. தமிழகத்தில் இனிஷியல் மாறுகிறது. மூன்று தலைமுறைக்குப் பிறகு ஆல்பத்தைப் புரட்டும் பேரனுக்குத் தாத்தாவின் பெயரும் பதவியும் தெரியும். அருகில் அமர்ந்திருப்பவர் ‘அவருடைய மனைவி’ ஆகிறார். ஆவணக்காப்பகத்தின் அட்டவணையில் அது ‘அடையாளம் தெரியாத பெண், ஏறத்தாழ 1910’ என்று முடியும்.

தேதியிலும் சிக்கல் உண்டு. பழைய பெஹாலாப் படமொன்றின் பின்னால் ‘2 ஃபால்குன் 65’ என்றிருந்தால், 1965 என்று எழுதிக்கொள்வது எளிது. ஆனால் ஃபால்குன் வங்க மாதம். 65 என்பது வங்க ஆண்டு 1365. வைசாகம் தொடங்கி டிசம்பர் இறுதிவரை 593ஐயும், ஜனவரி முதல் வங்கச் சைத்ர மாதம் முடியும்வரை 594ஐயும் கூட்ட வேண்டும். ஆகவே படம் எடுக்கப்பட்டது 1959 பிப்ரவரியில். ஆறு ஆண்டு பிழைத்தால், மணப்பெண் அவளுடைய தங்கையாகிவிடுவாள். தமிழ்க் குடும்பங்களில் ‘விகாரி, தை’ என்று எழுதியிருப்பார்கள். அது 1960 தொடக்கம். அறுபதாண்டுச் சுற்று என்பதால் 1900ஆகவும் 2020ஆகவும்கூட இருக்கலாம். உடையும் தாளும்தான் தீர்த்துவைக்கும்.

தாளும் பேசும். தடித்த அட்டையில் ஒட்டிய சிறு முகப்படம், அடியில் பொன்னெழுத்தில் நிலையத்தின் பெயர் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதையொட்டிய ஆண்டுகள். ஓரம் பற்பற்களாக வெட்டப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் பெரும்பாலும் நாற்பதுகள் முதல் அறுபதுகள்வரை. வெள்ளை விளிம்புடன் சரிசதுரமாக இருந்தால் அக்ஃபா கிளிக் 3 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்த அந்த எளிய காமிரா, 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். செம்மை படர்ந்து வெளிறிய வண்ணப்படம் எழுபது, எண்பதுகளைச் சேர்ந்தது. மற்ற சாயங்களைவிட நீலச்சாயம் முந்தி மங்கியதால் வந்த சிவப்பு அது.

நிலையத்தின் முத்திரையும் உதவும். பெஹாலா அஞ்சல் மண்டலத்தின் பழைய எண் கல்கத்தா-34. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை வந்தபோது அது 700034 ஆயிற்று. முத்திரையில் ஆறிலக்கம் இருந்தால் படம் அந்த நாளுக்குப் பிற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ‘34’ மட்டும் இருந்தால் முற்பட்டது என்று அதே உறுதியுடன் சொல்ல முடியாது. செய்து வைத்த ரப்பர் முத்திரையை எந்தக் கடைக்காரரும் எளிதில் தூக்கி எறிவதில்லை. ‘கொல்கத்தா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 2001 ஜனவரிக்குப் பின். பின்னணியும் சான்று: பெஹாலாவிலிருந்து ஜோகா வரை 1986இல் நீண்ட டிராம் பாதை மெட்ரோ பணிக்காக 2011இல் நின்றுபோனது. டயமண்ட் ஹார்பர் சாலையில் தலைக்கு மேலே மெட்ரோவின் தூண்களும் பாலமும் தெரிந்தால் அது அதற்குப் பிந்திய காலம். பூஜைப் புடவையில் நிற்கும் இரு சகோதரிகளைத்தான் குடும்பம் பார்க்கும்; அவர்களுக்குப் பின்னால் செல்லும் டிராமை நகர வரலாற்றாய்வாளர் பார்ப்பார்.

தமிழகத்தில் இதன் மறுபாதி நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னெடுத்த திட்டம், 2010களின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்ட உதவியுடன், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களில் எஞ்சிய படங்களையும் நெகட்டிவ்களையும் எண்மமாக்கியது. 1880கள் முதல் 1980கள்வரையான அப்படங்களில் தூண் வரைந்த திரைக்கு முன் நிற்கும் தம்பதியர், பூச்சூட்டிய பெண் குழந்தைகள், மாலையிட்டு நாற்காலியில் அமர்த்திய இறந்தோர் என ஒரு சமூகமே தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பது தெரிகிறது. ஆனால் கடை நெகட்டிவில் யார் பெயரும் பொதுவாக இருப்பதில்லை. பெயர் வீட்டில் இருக்கிறது. அதுவும் சில வேளை ஒரே ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும். அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய இந்திய நினைவுத் திட்டம், படத்துடன் அதன் கதையையும் கட்டாயமாகக் கேட்டது இதனால்தான்.

ஆகவே பெஹாலாவின் ஒரு வீடு தன் பிஸ்கட் டப்பாவை ஒழுங்குபடுத்தத் தொடங்கும்போது, பணத்தை எதில் செலவிடுவது என்ற கேள்விக்கு வரலாறே விடை தருகிறது. மிக மலிவானவை மிக அவசரமானவை. பென்சிலும் பெரியவர்களுடன் ஒரு பிற்பகலும் முதலில், ஸ்கேனர் பிறகு. படத்தின் வண்ணம் மங்க இன்னும் இருபது ஆண்டு ஆகலாம். எண்பத்தைந்து வயதுக்காரரின் நினைவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது எல்லாப் படங்களையும் தரையில் கொட்டி ஆண்டுவாரியாகப் பிரிப்பது. ஆவணக்காப்பாளர்கள் அஞ்சுவதும் இதைத்தான். ஒரு கவரில் சேர்ந்திருந்தவை ஏன் சேர்ந்திருந்தன என்பதே ஒரு தகவல். எனவே கலைப்பதற்கு முன் கவரையும் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியிலேனும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கவருக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண்: 03-017 என்றால் மூன்றாம் கவரில் பதினேழாவது. படத்தின் பின்னால், ஓரமாக, மென்மையான 2பி பென்சிலில், அழுத்தாமல் அந்த எண்ணை எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும், மையும் ஊறும். வழுவழுப்பான வண்ணத்தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின் மேல் எழுதலாம். முழு விவரமும் ஒரு நீள நோட்டில்.

மழைக்காலக் கொல்கத்தாவின் ஈரப்பதம் பூஞ்சைக்கு உகந்தது. பெஹாலாவின் பல தெருக்களில் ஒரு கனமழைக்கே தண்ணீர் தேங்கும். ஆகையால் அலமாரியின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றுவதே முதல் பாதுகாப்பு, அதற்குச் செலவில்லை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் கழிப்பறைக்கு அடுத்த அறையும் ஆகா. செய்தித்தாளில் சுற்றக் கூடாது. அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். அந்துருண்டை படத்தைத் தொடக் கூடாது. எண்பது, தொண்ணூறுகளில் வீடுதோறும் வாங்கிய ஒட்டுப்பசை ஆல்பங்கள்தான் மோசமானவை. அவற்றின் பசை இறுகி மஞ்சளாகி, படத்தை விடாது. மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே மெதுவாக அறுப்பதுபோல் இழுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

ஸ்கேன் செய்வதில் ஒரு சிறு கணக்கு தேவை. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400க்கு 3600 புள்ளிகள். சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 26 எம்பி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி அறுநூறு படங்களுக்குக்கூடப் போதாது. தரமான ஜேபெக்காகச் சேமித்தால் பலமடங்கு குறையும். எல்லாவற்றுக்கும் டிஃப் தேவையில்லை. அதிகம் சிதைந்தவை, ஒரே பிரதியாக இருப்பவை, பெரிதாக்க வேண்டிய சிறு முகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் உயர்தரம். மற்றவற்றுக்கு 300 டிபிஐ ஜேபெக். பின்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து 03-017பி என்று பெயரிட வேண்டும். செலவைக் குறைக்க வேறு எதை விட்டாலும் பின்பக்கத்தை விடக் கூடாது.

கூகுள் ஃபோட்டோஸ் வரம்பற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திக்கொண்டது நினைவில் இருக்க வேண்டியது. ஒரு நிறுவனத்தின் தாராளம் ஆவணக்காப்பகம் ஆகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய விதி, கூட்டுக் குடும்பம் பிரிந்து போனவர்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஒரு வன்தட்டு பெஹாலாவில், ஒன்று பெங்களூரிலோ துர்காபூரிலோ உள்ள உடன்பிறந்தவர் வீட்டில், மேகச் சேமிப்பில் ஒன்று. பழைய ஸ்டுடியோவும் வாடிக்கையாளரும் மகளும் தம்மையறியாமல் கடைப்பிடித்ததும் இதே விதிதான். வாட்ஸ்அப் இதற்கு மாற்றாகாது. படமாக அனுப்பும்போது அது கோப்பைச் சுருக்குகிறது. எடுத்த நாள், நேரம் ஆகிய உள்விவரங்களையும் களைந்துவிடுகிறது. ஆவணக் கோப்பாக அனுப்பினால் அவை தப்பும்.

கைபேசிப் படங்களின் சிக்கல் வேறு வகை. அச்சுப்படத்தில் நாள் தெரியாது, தொகை குறைவு. கைபேசிப் படத்தில் நாள் வினாடிவரை தெரியும், தொகையோ பல்லாயிரம். காலத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. யார், எதற்காக என்பது அப்போதும் மனிதர் எழுத வேண்டியதே. முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒரே முகத்தை ஒன்றுசேர்க்கும். அந்த முகம் யாருடைய சித்தி என்று அதற்குத் தெரியாது. அத்தனையையும் வகைப்படுத்த முயல்வோர் இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார்கள். ஆண்டுக்கு நூறு படம் தெரிந்தெடுத்து, பெயரிட்டு, அவற்றில் பத்தைத் தாளில் அச்சிட்டு அதே கவர் வரிசையில் சேர்ப்பது கைவரக்கூடிய அளவு. அக்ஃபா கிளிக்கின் பன்னிரண்டு என்ற வரம்பைச் சற்றே தளர்த்தித் திரும்பக் கொண்டுவருவதாகவும் இதைக் கொள்ளலாம்.

இனி அந்தப் பிற்பகல். குழுப்படம் ஒன்றின் மேல் மெல்லிய தாளை வைத்து, தலைகளின் வெளிக்கோட்டை அழுத்தாமல் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட வேண்டும். மேஜோ பிஷி உயிருடன் இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குவது நல்லது. ‘இது யார்?’ என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். ‘இந்தப் புடவை யாருடையது?’ என்று கேட்டால் ஒரு மணிநேரம் கிடைக்கும். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிந்துகொண்டு, ஒலிக்கோப்புக்கும் படத்தின் எண்ணையே இட வேண்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பாலோ நாம், டாக் நாம், பிறந்த வீட்டுக் குலப்பெயர், புகுந்த வீட்டுக் குலப்பெயர், பிறந்த ஊர் என்று ஐந்து கட்டங்கள். ஊர் இன்று பங்களாதேஷில் இருந்தால் மாவட்டமும் சேர்த்து. இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் பெயருடன். எவரும் அடையாளம் சொல்லாத முகத்துக்கு எண்ணும் அதன் அருகே ஒரு கேள்விக்குறியும் போதும். வரைந்த தாளின் பிரதிகளை அடுத்த பூஜைக்கு வரும் உறவினர்களிடம் கொடுக்கலாம்.